வடகரைச் சுற்றுப் பயணம்: கேம்பர்வேனுக்கு முன்பணம் கட்டிவிட்டேன், போகலாமா?

கேள்வி (க்ளாஸ்கோ):
அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்புவதற்குள், இன்வர்னஸில் தொடங்கி ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றி மீண்டும் இன்வர்னஸுக்கே வந்து சேரும் 516 மைல் வழியில் ஒரு வாரம் அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை. நான்கு பேர் படுக்கக்கூடிய கேம்பர்வேனுக்கு முன்பணமும் கட்டிவிட்டேன். அங்குள்ள மலைப்பாதைகளின் படங்களை நேற்றுப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. நாளை மாலைக்குள் ரத்து செய்தால்தான் பணம் திரும்பும். ஏழு நாள் போதுமா? தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (லீட்ஸ்):
தம்பி, ஏழு நாள் தாராளம். நான் ஐந்தே நாளில் முடித்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்தது ஒரு ஜனவரி மாதம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வீட்டு முகவரி இல்லாததால் வங்கிக் கணக்கு கிடைக்கவில்லை, வங்கிக் கணக்கு இல்லாததால் வாடகை வீடு கிடைக்கவில்லை. அந்த மூன்று மாதங்களைக் கடந்தவனுக்கு மலைப்பாதை ஒரு பொருட்டே இல்லை. மேற்குப் பக்கமாகத் தொடங்குங்கள். அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

மறுமொழி 2 (ஹரோ, லண்டன்):
ஐந்து நாளில் ஓடினால் கடலைக் கார்க் கண்ணாடிக்குள்ளால்தான் பார்ப்பீர்கள். எங்களுக்குப் பத்து நாளும் போதாமல் போனது. மேற்கில் தொடங்குவதையும் நான் ஏற்கமாட்டேன். கிழக்குக் கரையில் விக், ஜான் ஓ கிரோட்ஸ் வரைக்கும் வீதி அகலமானது. அங்கே கை பழகிய பிறகு, வடமேற்கு மூலையிலுள்ள டர்னஸ் பக்கத்து ஒற்றைத் தட (ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய) வீதிகளுக்குப் போவதே புத்தி. பெற்றோல் பாதிக்குக் குறைந்தால், அடுத்து எந்த ஊரில் நிலையம் வந்தாலும் நிரப்புங்கள்.

மறுமொழி 3 (மான்செஸ்டர்):
முதலில் வண்டி கையில் கிடைக்குமா என்று பாருங்கள். நான் வந்த புதிதில், முழுப் பணத்தையும் முன்பே கட்டியிருந்தும், என் பெயரில் கிரெடிட் கார்டு இல்லை என்று கூறி, வாடகை வண்டி அலுவலகத்தில் சாவியைத் தர மறுத்துவிட்டார்கள். மனைவியும் கைக்குழந்தையும் பெட்டிகளோடு வாசலில் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

மறுமொழி 1 (லீட்ஸ்):
உண்மைதான். ஓட்டுநர் தேர்வுக்கும் அப்படித்தான். ஊரில் பதினைந்து வருடம் கார் ஓட்டியவன் நான். இங்கே தேர்வுத் தேதிக்கு மட்டும் ஐந்து மாதம் காத்திருந்தேன்.

மறுமொழி 4 (இன்வர்னஸ்):
நம் பழைய கஷ்டங்களை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். அவருக்கு நாளை மாலை வரைதான் நேரம் இருக்கிறது. தம்பி, நீங்கள் எழுதாமல் விட்டவை மூன்று. பயணம் எந்தத் தேதியில்? ஓட்டப்போவது யார், எந்த நாட்டு உரிமத்தில்? நீங்கள் இங்கே குடியேறி எத்தனை மாதம் ஆகிறது?

கேட்டவர்:
மன்னியுங்கள் அக்கா. செப்டம்பர் 12 முதல் 19 வரை. நான்தான் ஓட்டுகிறேன், தமிழ்நாட்டு உரிமம் இருக்கிறது. கடந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று வந்தேன். மனைவி இந்த மார்ச்சில்தான் வந்தார். அவருக்கும் ஊர் உரிமம் உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

மறுமொழி 4 (இன்வர்னஸ்):
அப்படியானால் மலைப்பாதை உங்கள் முதல் கவலை அல்ல. இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு, இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். பயணத்தின் நடுவிலேயே உங்கள் கெடு முடிகிறது. அதன் பிறகு நீங்கள் ஓட்டினால் காப்பீடும் செல்லாமல் போகலாம். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் உரிமத்தில் ஆறு குற்றப் புள்ளிகளும் விழும். உங்கள் மனைவிக்கு அடுத்த மார்ச் வரை அவகாசம் இருக்கிறது. ஆகவே முழு வாரமும் அவரே ஓட்டட்டும். வாடகை ஒப்பந்தமும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். அவருடைய உரிமத்தை ஏற்பார்களா, எந்த அட்டையில் வைப்புத்தொகை கேட்பார்கள் என்பதை இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

வேனை ரத்து செய்யுங்கள் என்பதே என் கருத்து. ஆப்பிள்கிராஸுக்கு ஏறும் பெயாலக் ந பா கணவாய் 626 மீட்டர் உயரம். கேரவன்களும் பெரிய வண்டிகளும் புதிதாக ஓட்டப் பழகுபவர்களும் வர வேண்டாம் என்று அடிவாரத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கார் எடுத்து, அந்தக் கணவாயை விட்டுவிட்டு, ஷீல்டெய்க் வழியாகச் செல்லுங்கள். ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போகாமல் அதற்கு நேரே நின்று வழிவிடுங்கள். பின்னால் வரும் உள்ளூர்க்காரரையும் முந்திப்போக விடுங்கள். அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதுதான் இங்கே எல்லோரையும் நோகடிக்கிற செயல்.

ஏழரை மணியளவில் சூரியன் மறையும், அந்த நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும். ஆகவே மாலை ஆறு மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். அல்லாபூலில் இரண்டு இரவு, டர்னஸில் ஒன்று, தர்சோவில் இரண்டு என்று தங்கினால் பெரியவர்களுக்கு அலைச்சல் குறையும். ஹரோ அண்ணா சொன்னபடி கிழக்கிலிருந்து தொடங்குவது உங்கள் மனைவிக்கும் நல்லது. இன்சுலினை ஒரு வாரத்துக்கும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை இன்வர்னஸில் ரேக்மோர், வடகிழக்கில் விக் நகரில் ஒன்று. மேற்கில் நெடுந்தூரத்துக்கு எதுவும் இல்லை. பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞையும் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள்.

கேட்டவர்:
வேனை ரத்து செய்துவிட்டேன் அக்கா. மனைவியின் பெயரில் ஆட்டோமேட்டிக் கார் கிடைத்தது. அவருடைய உரிமத்தை ஏற்றுக்கொண்டார்கள். டெபிட் அட்டையில் வைப்புத்தொகை எடுத்துக்கொள்வதாக மின்னஞ்சலிலும் உறுதி செய்திருக்கிறார்கள். டர்னஸில் மட்டும் அறை அமையவில்லை.

மறுமொழி 2 (ஹரோ, லண்டன்):
டர்னஸில் இல்லாவிட்டால் டங் கிராமத்தில் கேட்டுப் பாருங்கள் தம்பி; அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் டர்னஸுக்கு வந்து ஸ்மூ குகையைப் பார்க்கலாம்.