பெட்ரா சிக் பள்ளத்தாக்கு: மூட்டுவலி உள்ளவர்கள் நடக்கலாமா?

கேள்வி: ஜோர்டானில் பெட்ரா என்ற பழங்கால நகரத்தைப் பார்க்கப் போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. வாதி மூசா ஊர்ப்பக்க நுழைவாயிலிலிருந்து, பாறையில் குடைந்த கஜானா முகப்பு வரை அவரால் நடக்க முடியுமா?

பதில் 1: தாராளமாக. சிக் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு தொடங்கும் இடம் வரை சுமார் 800 மீட்டர், நிழலே இல்லாத வெட்டவெளி. உள்ளே 1.2 கி.மீ., பெரும்பாலும் நிழல். படி ஏற வேண்டியதில்லை. ஆனால் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பலர் போகும் வழியிலேயே தண்ணீரைத் தீர்த்துவிட்டு, மதிய வெயிலில் திண்டாடுகிறார்கள். ஆளுக்கு 2 லிட்டர் எடுங்கள், பாதியைத் திரும்புவதற்கு வையுங்கள். சில இடங்களில் பழைய கல்தளம் மேடும் பள்ளமுமாக இருக்கும். பிடிப்புள்ள ஷூ அவசியம். பேட்டரி வண்டி உண்டு, கட்டணம் தனி. அம்மாவுக்கு அதைத் திரும்பும்போது எடுப்பதே நல்லது.

பதில் 2: காலை 6 மணிக்கே உள்ளே போய்விடுங்கள், கூட்டம் குறைவு. சிக்கின் சுவரோரம், பெட்ராவை உருவாக்கிய நபாட்டியர் வெட்டிய நீர்க்கால்வாயைப் பார்க்காமல் வராதீர்கள், அவ்வளவு அழகான வேலை!

பதில் 3: மழை முன்னறிவிப்பு இருந்தால் போகவே வேண்டாம். தூரத்து மலையில் பெய்தாலும் வெள்ளம் இந்தக் குறுகலில் பாயும். சில இடங்களில் அகலம் 3 மீட்டர்தான். 1963 வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சிக் வாயிலில் இப்போதுள்ள தடுப்பணையைக் கட்டினார்கள். காவலர்கள் வெளியேறச் சொன்னால் உடனே கிளம்புங்கள்.