மறு: அசெட் மேனேஜ்மென்ட் – சொத்தா, உடைமையா?

வணக்கம். நம் சொற்பட்டியலில் 'அசெட் மேனேஜ்மென்ட்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில், இந்தக் கேள்விக்கு என் பதில்:

> "சொத்து மேலாண்மை" என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சொத்து என்றதும் நமக்குப் பத்திரம், பாகப்பிரிவினை, சொத்து வரி இவைதான் நினைவுக்கு வருகின்றன. அசெட் மேனேஜ்மென்ட்டுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 55000இலோ நிறுவனத்துக்கு மதிப்புத் தருகிற, தரக்கூடிய எதுவும் அசெட்தான். இயந்திரம் மட்டுமல்ல, உரிமம், தரவு, நற்பெயர்கூட. குறளில் அன்புடைமை, ஊக்கமுடைமை என்று அதிகாரங்களே இருக்கின்றன. கையில் பிடிக்க முடியாததையும் உடைமை என்று சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. அதனால் என் ஓட்டு உடைமைக்கு. குத்தகைக்கு எடுத்தது உடைமையாகுமா என்ற கேள்வி நியாயமானது, ஆனால் சொத்துக்கும் அதே சிக்கல் உண்டு, வரையறையில் ஒரு வரி சேர்த்தால் தீரும். கணக்கர்களின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்து அப்படியே இருக்கட்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, 'அசெட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்பதில் வரும் 'சிஸ்டம்'. இங்கே பெங்களூரில், பீன்யாவில் நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு கம்ப்ரசர். அதன்மேல் எண் ஒட்டியிருக்கும், வாங்கிய தேதி, விலை, தேய்மானம் எல்லாம் பதிவேட்டில் பைசா சுத்தமாக இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, அது நின்றால் எந்தெந்த லைன் நிற்கும், அதை யார் கவனிக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை. ஒருநாள் நின்றது, மூன்று லைனும் சேர்ந்து நின்றன, சர்வீஸ் ஆள் வரும்வரை பேரிங் சூட்டில் கருகிய கிரீஸ் வாடையில் நின்றுகொண்டிருந்தோம். அதற்கு முந்தின மாதம்தான் புது சாஃப்ட்வேர் வாங்கி, "அசெட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்தாச்சு" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த சிஸ்டத்துக்கான தேவைகளைச் சொல்லும் தரநிலை, 2014இல் வந்து 2024இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 55001. அது கேட்பது சாஃப்ட்வேரை அல்ல. கொள்கை என்ன, இலக்கு என்ன, யார் பொறுப்பு, இடர் எங்கே, செய்ததைச் சரிபார்த்துத் திருத்தினீர்களா என்ற சங்கிலியைக் கேட்கிறது. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001இலும் இதே எலும்புக்கூடுதான். இதற்கு 'முறைமை' சரியாகப் பொருந்துகிறது. 'அமைப்பு' என்று போட்டால் நிறுவனத்தையும் நாம் அமைப்பு என்பதால் "அமைப்பின் உடைமை மேலாண்மை அமைப்பு" என்று எழுத நேரும், படிப்பவர் பாவம்.

ஆக, உடைமை மேலாண்மை என்பது செயல், உடைமை மேலாண்மை முறைமை என்பது அந்தச் செயலை நடத்தும் ஏற்பாடு. இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே போடுவோம். அப்புறம், லைஃப் சைக்கிளுக்கு 'வாழ்க்கைச் சுழற்சி' வேண்டாம், இயந்திரத்துக்கு ஆயுள்தான் உண்டு. 'ஆயுள் சுழற்சி' சரியா, இல்லை வெறும் 'ஆயுட்காலம்' போதுமா?