கேமில் கட்டினதும் நிஜத்தில் ஏறினதும்: உங்களுக்கு என்ன நடந்தது?

மதுரை_82

கேளிக்கைப் பூங்கா கட்டி நடத்துகிற கம்ப்யூட்டர் கேமான ரோலர்கோஸ்டர் டைகூன் ஆடியவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். கேமில் துண்டு துண்டாகத் தடம் போட்டுப் பழகி, அப்புறம் ஒரு நாள் நிஜக் கோஸ்டரில் போய் உட்கார்ந்தபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

2001 கோடை லீவு, அத்தை வீடு. அத்தை மகனிடம் கம்ப்யூட்டர் இருந்தது, யாரோ நகல் எடுத்துக் கொடுத்த ஒரு சிடியும் இருந்தது. முதல் பார்க் ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸ். முதல் ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் 250 பேர் பார்க்குக்குள் இருக்க வேண்டும், பார்க்கின் மதிப்பெண் 600-க்குக் கீழே போகக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து அதை முடித்தோம். மழை வந்தால் குடை விலையை ஏற்றுவது, வாந்தி எடுக்கிற இடத்துக்குத் துப்புரவு ஆளை விடுவது என்று எல்லாமே நாங்களாகக் கண்டுபிடித்ததுதான், சொல்லித்தர யாரும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதற்கப்புறம் வேறு ஒரு பார்க்கில் பெரிய ஸ்டீல் கோஸ்டர் ஒன்று கட்டினேன். கூட்டம் அதிகம், வரிசை நகரவில்லை என்று இரண்டு ட்ரெயின் விட்டேன். ஸ்டேஷனில் பிரேக் ஃபெயில் ஆனது. ஒரு ட்ரெயின் ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கும்போதே இரண்டாவது ட்ரெயின் முழு வேகத்தில் வந்து மோதி வெடித்தது. திரையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று செய்தி வந்தது. கேம்தான், ஆனால் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு எண் இருக்கும், நாம் பெயர்கூட வைக்கலாம், என்ன நினைக்கிறார்கள் என்று படிக்கலாம். அதில் அத்தை பெயர் வைத்திருந்த ஒரு ஆளும் போய்விட்டார்.

அத்தை மகன்தான் பிளாக் பிரேக் என்றால் என்ன என்று புரிய வைத்தான். தடத்தைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வது, ஒரு துண்டுக்குள் ஒரே ட்ரெயின்தான் இருக்கலாம், முன்னால் உள்ள துண்டு காலியாகாமல் பின்னால் வருவது உள்ளே நுழையக் கூடாது. மதுரை ஜங்ஷனுக்கு வெளியே ரயிலை அவுட்டர் சிக்னலில் நிறுத்திப் போடுவார்களே, அதே கதைதான். அதற்குப் பிறகு பிளாக் பிரேக் இல்லாமல் நான் இரண்டு ட்ரெயின் விட்டதே கிடையாது.

2017-ல் சிங்கப்பூர் போனபோது யுனிவர்சல் ஸ்டுடியோஸில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற கோஸ்டரில் ஏறினேன். இரண்டு தடங்கள் பின்னிப் பிணைந்து ஓடும். ஒன்றில் உட்கார்ந்து போகலாம், இன்னொன்றில் கால் தொங்கும். நான் கால் தொங்குகிற சைலான் பக்கம் போனேன். வேகம், தலைகீழ் எல்லாம் சரி, எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது கடைசியில் வந்தது. ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ட்ரெயின் புஸ்ஸென்று காற்று விட்டு நின்றது. கால் அந்தரத்தில். பக்கத்தில் இருந்த பெண் "என்ன ஆச்சு, மாட்டிக்கிட்டோமா?" என்று தன் கணவரிடம் கேட்டார். எனக்கு மட்டும் தெரியும், முன்னால் ஒரு ட்ரெயின் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது, அது போகிற வரைக்கும் நம்மை விட மாட்டார்கள். அவரிடம் அதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ட்ரெயினை யாரும் நிறுத்தவில்லை, இன்றைக்கு என்னை நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றியது.

ஸ்டாஃபோர்ட்ஷயர்_மழை

மதுரை அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் என்ற பார்க்கிலிருந்து முக்கால் மணி நேரம் காரில். கேமை எழுதிய கிறிஸ் சாயர் ஸ்காட்லாந்துக்காரர், 1994-ல் டிரான்ஸ்போர்ட் டைகூன் என்ற கேமைச் செய்தவர். அதற்கப்புறம் கோஸ்டர்கள் மேல் ஆசை வந்து ஊர் ஊராகப் போய் ஏறி, 1999-ல் இந்த கேமைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட முழுக்க, கம்ப்யூட்டர் சிப்புக்கு நேராகக் கட்டளை எழுதுகிற அசெம்பிளி மொழியிலேயே எழுதினார் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும்.

கேமில் சில பார்க்குகளில் உயரமாகக் கட்டப் போனால், மர உயரத்துக்கு மேல் கட்ட உள்ளூர் நிர்வாகம் அனுமதிக்காது என்று ஒரு செய்தி வரும், ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அதை நான் வேண்டுமென்றே நமக்குத் தொல்லை கொடுக்க வைத்த விதி என்றுதான் நினைத்தேன். ஆல்டன் டவர்ஸில் நெமிசிஸ் என்ற கோஸ்டர் முன்னால் போய் நின்றபோதுதான் புரிந்தது. அங்கே நிஜமாகவே அப்படித்தான், மரங்களுக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது. அதனால் 1994-ல் திறந்த அந்தக் கோஸ்டரைக் கட்டியவர்கள் மேலே போகாமல் கீழே போனார்கள், பாறையை வெடி வைத்துப் பள்ளம் தோண்டினார்கள். இருக்கைக்கு மேலே தடம், கால் தொங்குகிறது, இரண்டு பக்கமும் பாறைச் சுவர், கீழே சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். உயரமான கோஸ்டரில் வேகம் அவ்வளவாகத் தெரியாது, பக்கத்தில் ஒன்றும் இல்லாததால். இங்கே பாறை காலை உரசுகிற மாதிரி வந்து போகிறது. வீட்டுக்கு வந்ததும் கேமைத் திறந்து, மர உயர விதி இருக்கிற பார்க்கில் மண்ணைத் தோண்டி முழுக்கோஸ்டரையும் பள்ளத்துக்குள் கட்டினேன். இருபது வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை!

பிளாக் பிரேக் பற்றிச் சொன்னீர்கள். அதே ஆல்டன் டவர்ஸில் 2015 ஜூன் 2 அன்று நடந்ததை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஸ்மைலர் என்ற கோஸ்டர், 14 தடவை தலைகீழாகப் போகும். காற்று பலமாக இருந்த நாள். ஆளில்லாமல் விட்ட சோதனை ட்ரெயின் ஒன்று சுற்றை முடிக்க முடியாமல் நடுவில் நின்றுவிட்டது. பிளாக் முறை தன் வேலையைச் சரியாகச் செய்தது, அடுத்த ட்ரெயினைப் பிடித்து வைத்தது. சோதனை ட்ரெயின் நடுவில் நிற்பது தெரியாத பணியாளர்கள் கம்ப்யூட்டர்தான் தவறு செய்கிறது என்று நினைத்து, அந்தத் தடையை மீறி விட்டுவிட்டார்கள். உள்ளே 16 பேரோடு போன அந்த ட்ரெயின் நின்றிருந்த ட்ரெயினில் மோதியது. இரண்டு இளம்பெண்களுக்குக் காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த வருஷம் நடத்துகிற நிறுவனத்துக்கு நீதிமன்றம் 50 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டது. அன்றைக்கு ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டே, கேமில் நான் எத்தனை தடவை சிவப்பு எச்சரிக்கையைப் படிக்காமல் மூடியிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முசாஃபா_தஞ்சாவூர்

ஃபெராரி வேர்ல்டு, அபுதாபி. ஃபார்முலா ரோசா. 2010-ல் திறந்தபோது உலகத்திலேயே வேகமான கோஸ்டர், மணிக்கு 240 கிலோமீட்டர், அதுவும் சுமார் ஐந்து நொடியில். ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் கண்ணாடி கொடுக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன், மணலும் பூச்சியும் கண்ணில் அடிக்கும் என்றார்கள். அந்த வேகத்தில் ஒரு சின்ன வண்டு என்றாலும் கல் மாதிரிதான்.

கேமில் ஏவுகிற வேகத்தை ஒரு பட்டனை அழுத்தி ஏற்றிக்கொண்டே போவோம் இல்லையா, அந்தப் பட்டனுக்குள் என்ன இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதுகு இருக்கைக்குள் புதைகிறது, கன்னம் காதுப் பக்கம் போகிறது, மூச்சை உள்ளே இழுக்கவே முடியவில்லை. இறங்கியதும் கூட வந்த நான்கு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. லேபர் கேம்ப் போய்ச் சேர்ந்து டீ குடித்த பிறகுதான் பேச்சே வந்தது.

மதுரை_82

தஞ்சாவூர் அண்ணன் சொன்னதும் ஞாபகம் வந்தது. நிஜத்தில் முதல் தடவை நான் ஏறியது சிங்கப்பூரில் இல்லை, 2004-ல் நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பார்க்கில், பெயர் வேண்டாம். சின்ன கோஸ்டர். ஒரு வளைவு சாய்வே இல்லாமல் தட்டையாக இருந்தது, வந்த வேகத்தில் இடது விலா பெட்டியின் கம்பியில் இடித்தது, ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. கேமில் ஒரு வரைபடச் சாளரம் உண்டு, பக்கவாட்டு ஜி, அதாவது உடம்பைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசை, அளவுக்கு மீறினால் உற்சாக மதிப்பு சரிந்துவிடும். அப்போதெல்லாம் அந்த எண் குறைவது எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த எண் என் விலாவில் பட்ட பிறகு ஒரு வளைவைக்கூட நான் சாய்க்காமல் விட்டதில்லை. வரிசையில் நிற்கிற அந்தக் குட்டி ஆட்களுக்கும் விலா இருக்கிறது என்று மனதில் பதிந்துவிட்டது.

இங்கே யாராவது பார்க்கில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

காலை_ஷிஃப்ட்

இருக்கிறேன் ப்ரோ. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஆறு வருஷம் ஒரு பார்க்கில் மெயின்டெனன்ஸில் இருந்தேன். கேமில் மெக்கானிக் அரை மணிக்கு ஒரு தடவை சோதிக்கப் போவார், வெளியேறும் வழியில் நுழைந்து ஸ்டேஷன் பக்கத்தில் ஏதோ தட்டுவார், முடிந்தது. எங்களுக்கு வேலை காலை ஐந்தரைக்கு. தடத்தோடு சேர்ந்த படியில் டார்ச்சோடு ஏறி இறங்க வேண்டும். நட்டு போல்ட் முறுக்கிய பிறகு இரண்டின் மேலும் சேர்த்து ஒரே பெயிண்ட் கோடு இழுத்து வைத்திருப்போம். நட்டு துளி நகர்ந்தாலும் அந்தக் கோடு உடைந்து தெரியும். ஆயிரக்கணக்கான கோடுகள், தினமும் பார்க்க வேண்டும். கண் பழகிவிட்டால் நேராக இருப்பதெல்லாம் தெரியாது, உடைந்தது மட்டும் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் சக்கரம். தடத்தின் மேலே ஓடுவது ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. அடியில் இருப்பதுதான் மேட்டைத் தாண்டும்போது ட்ரெயினைத் தடத்தோடு பிடித்து வைக்கும். அமெரிக்காவில் ஜான் மில்லர் 1919-ல் காப்புரிமை வாங்கிய யோசனை, இன்றைக்கும் அதில்தான் எல்லோருடைய உயிரும் இருக்கிறது. மேட்டில் உங்கள் உடம்பு இருக்கையை விட்டு எழும்புகிறதே, அப்போது அந்த அடிச் சக்கரம்தான் வேலை செய்கிறது. கையால் தொட்டுப் பார்ப்பேன், ரப்பர் மாதிரிப் பூச்சில் விரிசல் இருந்தால் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் போகும்போது டக் டக் டக் என்று சத்தம் வரும், கேமிலும் வரும். பலர் அதைச் சங்கிலிச் சத்தம் என்று நினைக்கிறார்கள். ட்ரெயினுக்கு அடியில் ஒரு கொக்கி, பற்கள் உள்ள பட்டையில் ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டே போகிற சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் ட்ரெயின் பின்னால் வராது. வரிசையில் பயந்து நிற்கிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன், டக் டக் கேட்கிற வரைக்கும் உன்னை ஒருத்தன் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று.

காலையில் முதல் ட்ரெயின் மெதுவாகத்தான் வரும். கிரீஸ் குளிர்ந்து கிடக்கும். மத்தியானம் வெயில் ஏறியதும் அதே ட்ரெயின், அதே தடம், கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகம் கூடிவிடும். வேகம் வேண்டும் என்றால் சாயங்காலம் போங்கள்.

சேலத்து_அம்மா

நான் கேம் ஆடுகிறவள் இல்லை, என் மகள் ஆடுகிறாள். ஒன்பது வயது, என் போனில் ரோலர்கோஸ்டர் டைகூன் கிளாசிக். போன மே மாதம் ஒரு பார்க்குக்குக் கூட்டிப் போனோம். பெரிய கோஸ்டருக்கு அவள் உயரம் எட்டு சென்டிமீட்டர் குறைவு. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று, "அம்மா, இங்க மூணு ட்ரெயின் விடலாம், ரெண்டுதான் விடறாங்க, அதான் வரிசை நகரல" என்றாள். எப்படி உனக்குத் தெரியும் என்றேன். ட்ரெயின் நிற்கிற இடங்களைக் கைகாட்டி எண்ணிக் காட்டினாள், ஏற்றத்தின் உச்சி, நடுவில் ஒரு பிரேக், கடைசியில் ஒரு பிரேக், ஸ்டேஷன். நாலு இருக்கிறதாம், ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டுமாம், அதனால் மூன்று விடலாமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் நின்ற பணியாளரிடம் இவளைக் கூட்டிப் போய்க் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து, "கரெக்ட்தான் பாப்பா, மூணாவது அந்த ஷெட்ல இருக்கு, சனி ஞாயிறு மட்டும்தான் எடுப்போம்" என்றார். ஷெட் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் மூக்கு ஒன்று தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஐஸ்கிரீம் கேட்டாள்.