புதுப்பிப்பு: ஸ்டாண்டர்ட் 20 வேனின் இறுகிப்போன ஸ்டட்கள்

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் 20 வேனில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுப்பு) பிடித்திருக்கும் ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்கள்) துருப்பிடித்து இறுகிவிட்டன என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, ஒருவழியாக எல்லாம் கழன்றுவிட்டன. மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி வந்தேன். நேரே கழற்றாமல் முதலில் ஒரு மயிரிழை இறுக்கினேன். கிரீச் என்ற சத்தத்தோடு செம்மண் போலத் துரு உதிர்ந்தது. அப்புறம் கால் சுற்று கழற்றல், அரைக்கால் சுற்று இறுக்கல், நடுவில் சொட்டு எண்ணெய்.

கடைசி ஸ்டட் மட்டும் முறிந்தது. என் அவசரம்தான். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மிச்சத் துண்டின் மேல் புது நட்டை வைத்து வெல்டிங் அடித்தோம். சிவப்பு தணிந்ததும் மெழுகுவர்த்தியைத் தேய்க்க, மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. ஸ்பானரைப் போட்டேன், சொன்ன பேச்சுக் கேட்டது!

பிரேக் டிரம் பக்கம் இன்னும் போகவில்லை.