பொறி வருது, எஞ்சின் பிடிக்குதில்லை: பழைய அவுட்போட் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து

என்னட்டை இருக்கிறது ஒரு அவுட்போட், வள்ளத்தின்ர பின்பக்கத்தில பூட்டுற எஞ்சின். மொடல் ஜோன்சன் சீ ஹோர்ஸ் கியூடி. 10 குதிரைவலு, ரண்டு சிலிண்டர். 1949இல வந்து 60களின்ர தொடக்கம் வரைக்கும் ஓடின மொடல். இஞ்சை பீற்றர்பரோவில ஜோன்சன், எவின்றூட் எஞ்சின்கள் செய்த தொழிற்சாலை மூடினாப் பிறகு அந்தக் கட்டடத்திலதான் 1997இல கனேடியக் கனூ மியூசியம் திறந்தது. ஒன்ராறியோவில இந்தப் பழசுகள் கராஜ் விற்பனையில இன்னும் அம்பிடும், மலிவாயும் கிடைக்கும். மலிவுக்குக் காரணம் அநேகமா ஒண்டுதான். கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ஞ்சவைதான் விற்கினம்.

என்ரையும் அப்படி வந்ததுதான். சிலிண்டருக்குள்ள பொறி போடுற பிளக்கைக் கழட்டி எஞ்சின் உடம்பில முட்டவச்சு இழுத்தால் பொறி தெரியுது. பெற்றோலும் வருது. ஆனால் பிடிக்காது. பிடிச்சாலும் ஒரு சிலிண்டரில தொக்குத்தொக்கெண்டு கொஞ்சம் ஓடி நிண்டுடும். விற்ற மனிசன், பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றர்தான் எண்டு அடிச்சுச் சொன்னார். இஞ்சை எல்லாரும் முதல்ல காபரேற்றருக்குத்தான் காசு செலவழிக்கினம். எனக்கு அதில நம்பிக்கை இல்லை.

பிளக் நுனியில இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீற்றரும் வராது. வெளிக்காத்தில அதை மெலிஞ்ச மின்சாரமும் தாண்டும். சிலிண்டருக்குள்ள காத்து நெரிஞ்சிருக்கேக்கை அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் கனக்க வோல்ற்றேஜ் வேணும். அதாலை பிளக்கில தெரியிற பொறியை நம்பாதேங்கோ. ரண்டு பிளக்கையும் கழட்டிப்போட்டு, பொறி பாயிற இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக் கூடிய பொறி ரெஸ்ரரை 6 மில்லிமீற்றர் இடைவெளிக்கு வச்சு இழுத்துப் பாருங்கோ. நீலமா, சத்தத்தோட பாய வேணும். எனக்கு மேல் சிலிண்டர் பாய்ஞ்சது. கீழதில ஒண்டும் இல்லை. ரெஸ்ரரை நல்லா நெருக்கினாப் பிறகுதான் மஞ்சளா ஒரு கீறல் வந்தது.

உள்ள பார்க்க, மேல சுத்துற பாரச் சில்லான பிளைவீலைக் கழட்ட வேணும். அதுக்கு, அதின்ர நடுவில இருக்கிற மூண்டு ஓட்டையிலையும் போல்ற் போட்டு இழுக்கிற புல்லர் வேணும். விளிம்பில கொக்கி போடுற புல்லர் சரிவராது, வளைச்சுப்போடும். பிளைவீலுக்குக் கீழ இருக்கிற தட்டில, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறிக்கு மின்சாரம் குடுக்கிற ஒரு கொயில், அந்த மின்சாரத்தைத் திறந்து மூடுற ஒரு பொயின்ற், பொயின்ற் கருகாமல் காக்கிற ஒரு கண்டென்சர் எண்டு தனிக்குடித்தனம். கீழ்ச் சிலிண்டரின்ர கொயிலில நகம் உள்ள போற அளவுக்கு வெடிப்பு. அந்தக் காலத்துக் கொயில்களின்ர காப்பு வயசு போகப் போக வெடிக்கும். ஈரம் இறங்கினால் மின்சாரம் பிளக் மட்டும் வராமல் வழியிலேயே இரும்புக்குப் போயிடும். நல்லா இருந்த மற்றக் கொயிலையும் சேர்த்தே மாத்தினன். ஒண்டு வெடிச்சால் மற்றதும் கன காலம் நிக்காது.

புதுசு பூட்டேக்கை கவனிக்க வேண்டியது கொயிலின்ர இரும்புக் குதி, அதாவது அது சுத்தியிருக்கிற இரும்பின்ர நுனி. தட்டில கடைஞ்சிருக்கிற மேட்டின்ர விளிம்போட அது சமனா நிக்க வேணும். விரலால தடவினால் படி தட்டுப்படக் கூடாது. உள்ளுக்கு நிண்டால் பொறி மெலியும், வெளிய தள்ளினால் பிளைவீல் உரசும். பொயின்ற் இடைவெளி 0.020 அங்குலம். புதுப் பொயின்றில ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கும். வெள்ளை மட்டையை ஸ்பிரிற்றில நனைச்சு, பொயின்றுக்கு நடுவில விட்டு இழுங்கோ, சாம்பல் கோடு விழாமல் போகுமட்டும். மீற்றர் வச்சுப் பார்க்கிறவை முதல்ல கொயில் வயரைக் கழட்டிவிட வேணும். இல்லாட்டி பொயின்ற் திறந்திருந்தாலும் கொயிலுக்குள்ளால ஓடி, மூடியிருக்கிற மாதிரியே காட்டும்.

இப்ப எஞ்சின் பிடிக்குது, வேகத்தில நல்லா ஓடுது. மெல்ல விட்டால் மட்டும் கீழ்ச் சிலிண்டர் இடைக்கிடை விடுகுது. கண்டென்சரா இருக்குமோ?

குளச்சலிலிருந்து

அண்ணே, நான் இங்க போட் எஞ்சின் வேலை பாக்கேன். பாயிண்ட் மாடல் நம்ம கைக்கு ரொம்ப வராது, எல்லாம் பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் பொறி, சிடிஐதான். ஆனா காயில் சமாச்சாரம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். குளிர்ந்திருக்கும்போது பொறி அருமையா வரும், சூடானதும் காணாமப் போகும். ஹேர் டிரையர் வச்சு காயிலையும் கண்டென்சரையும் சூடாக்கி, சூட்டோட பொறி பாருங்க. கண்டென்சர் போயிருந்தா பாயிண்டே சொல்லிரும், முகம் சீக்கிரம் கருகிக் குழி விழும்.

இங்க இக்னிஷன்னு சொல்லி வர்றதுல பாதி மண்ணெண்ணெய் வேலை. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. கரை சேர்றதுக்கு முன்னால திரும்ப பெட்ரோலுக்கு மாத்தி ஓட்டணும். அத மறந்துட்டு நிறுத்தினா கார்புரேட்டர் கிண்ணத்துல மண்ணெண்ணெய் நிக்கும். மறுநாள் விடியக்காலம் எவ்வளவு இழுத்தாலும் எடுக்காது, பிளக்கு வேற நனைஞ்சிருக்கும். நேரா வந்து காயில மாத்துன்னு நிப்பாங்க. இப்ப நிறையப் பேரு நீளத் தண்டு வச்ச டீசல் லாங் டெயில் எஞ்சினுக்குப் போயிட்டாங்க. அதுல பிளக்கே கிடையாது, எனக்கும் இந்த வேலை குறைஞ்சுபோச்சு.

பருத்தித்துறையிலிருந்து

தம்பி, கண்டென்சருக்கு ஓட முதல் பிளைவீலைக் கையால பிடிச்சு நாலு பக்கமும் அசைச்சுப் பாரும். பிளைவீல் பூட்டின கிறாங்குத் தண்டின்ர மேல் பெயரிங் தேய்ஞ்சிருந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் பொயின்ற் இடைவெளி ஒவ்வொரு சுத்துக்கும் மாறும். மெல்ல ஓடேக்கைதான் அது தெரியும். ஆட்டம் இல்லையெண்டால் பிளக்குக்குப் போற வயரைப் பாரும். உம்மட மொடலில வேகம் கூட்டக் குறைக்க அந்தக் கொயில் தட்டும் சேர்ந்து திரும்பும். வயரும் கூடவே இழுபடும், எங்கையாவது தேய்ஞ்சிருக்கும்.

90களில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோலைக் கண்ணால காண ஏலாது. பிளக் ஓட்டைக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, மிச்சம் எல்லாம் மண்ணெண்ணெய். பொறி கொஞ்சம் மெலிஞ்சாலும் எடுக்காது. அதாலை அப்ப வயருக்கும் பிளக்குக்கும் காட்டின கவனம், இப்ப பெற்றோல் கிடைக்கிற காலத்தில ஆருக்கும் இல்லை.

ஸ்காபரோவிலிருந்து

ஐயா, பிளைவீல் ஆடேல்லை. தம்பி சொன்னமாதிரி சூடாக்கியும் பார்த்தன், பொறி குறையேல்லை. பிறகு இரவு கராஜ் விளக்கை அணைச்சுப்போட்டு, வேகக் கைபிடியை மெல்லப் பக்கம் திருப்பி வச்சுக் கயிறை இழுத்தன். தட்டுக்குக் கீழ, கீழ்ச் சிலிண்டர் வயர் வளையிற இடத்தில நீலமா ஒழுகுது. கைபிடியை மற்றப் பக்கம் திருப்பினால் இல்லை. வயரைத் திருப்பிப் பார்த்தால் ரப்பர் தேய்ஞ்சு செம்பு தெரியுது.

கொயில் மாத்தேக்கை வெளியில தெரியிற நீட்டை மட்டும் பார்த்து வயர் நல்லது எண்டு விட்டது. இனி ரண்டையும் மாத்திறன். செப்புக் கம்பி உள்ள 7 மில்லிமீற்றர் வயர்தான் போட வேணும், கார்க் கடையில தாற கரி வயர் இதுக்குச் சரிவராது. உழவு இயந்திரச் சாமான் விற்கிற கடையில மீற்றர் கணக்கில வெட்டித் தருவினமாம்.