சிங்கப்பூர் – நியூயார்க்: 6 மணி நேரமா, 17ஆ, 18ஆ?

செம்பவாங் தம்பி:
அம்மா முதல்முறையாகத் தனியாக அக்கா வீட்டுக்குப் போகிறார். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு, நேரடி விமானம். டிக்கெட்டில் புறப்பாடு ஜூலை 12, 00:10. வருகை ஜூலை 12, 06:30 என்றிருக்கிறது. கழித்தால் 6 மணி 20 நிமிடம்தான் வருகிறது! தூரம் கணக்கிடும் ஒரு தளம் 15,300 கி.மீ. சொச்சம் என்கிறது. மணிக்கு 900 என்று வைத்தால் 17 மணி நேரம். எதை நம்புவது? அக்கா எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும்?

வரைபடப் பைத்தியம்:
06:30 என்பது நியூயார்க் கடிகாரம், தம்பி. அக்கா அதைப் பார்த்து வந்தால் போதும். ஜூலையில் சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் இருக்கிறது. 6:20 உடன் 12 சேர்த்தால் 18 மணி 20 நிமிடம், அதுதான் பயண நேரம். நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் வித்தியாசம் 13 ஆகிவிடும்.

தளம் சொல்லும் தூரமும் சரிதான். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104, நியூயார்க் மேற்கு 74, கூட்டினால் 178. அதாவது இரண்டின் தீர்க்கரேகைகளும் கிட்டத்தட்ட நேர் எதிரெதிர். அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். வீட்டில் குளோப் இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நம்பவே மாட்டீர்கள்.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த நூல் வழியே போகாது. ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் கடந்து போகும். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்தி. 900-ஆல் வகுத்தால் இதெல்லாம் வராது.

நியூஜெர்சி மாமி:
காற்றெல்லாம் இருக்கட்டும். 12ஆம் தேதி 00:10 என்றால் 11ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்கணும். என் மாமனார் இதே மாதிரி ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு மறுநாள் ராத்திரி பெட்டியோடு போய் நின்றார். விமானம் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. புது டிக்கெட்டுக்கு அழுத காசை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

அக்காவையும் ஆறரைக்கே வாசலில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து அம்மா வெளியே வர எட்டு ஆகலாம்.

செம்பவாங் தம்பி:
ஐயோ மாமி! 12ஆம் தேதி இரவு 9 மணிக்குத்தான் டாக்சி சொல்லி வைத்திருந்தேன். இப்போதுதான் 11ஆம் தேதிக்கு மாற்றினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவருக்கு ஒரு நாள் முன்னாலேயே மூட்டை கட்ட வேண்டும்.

வரைபடப் பைத்தியம்:
திரும்பி வரும் டிக்கெட்டையும் பாருங்கள். அதில் மறுநாள் தேதிதான் போட்டிருக்கும், சில நேரம் அதற்கும் அடுத்த நாள்.