எஸ்எஸ்டி போட்டதும் ஹார்டு டிஸ்க்கைக் காணோம், யாராவது சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகரில் இருக்கிறேன். வீட்டில் அசெம்பிள் செய்த கணினி, எட்டாம் தலைமுறை ஐ3 பிராசசர். விண்டோஸ் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம், அவ்வளவு வேகம்! புதுச்சேரி போனபோது ஒரு எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே செருகும் சிறிய, வேகமான சேமிப்பகம்) வாங்கி வந்து நானே பொருத்தினேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அது தெரிகிறது. ஆனால் குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும் இரண்டாவது ஹார்டு டிஸ்க்கைக் காணோம். வயிற்றில் புளியைக் கரைத்தது.

எஸ்எஸ்டியின் முனையில் இரண்டு வெட்டு இருக்கிறது, அதாவது பெரும்பாலும் சாட்டா வகை (ஹார்டு டிஸ்க் பயன்படுத்தும் அதே இணைப்பு முறை). சாட்டா எம்.2 போட்டால் சில போர்டுகளில் ஒரு சாட்டா போர்ட் அணைந்துவிடும் என்று படித்தேன். அப்படியானால் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதுமா? இல்லை, ஒற்றை வெட்டு என்விஎம்இ (சாட்டா அல்லாத, இன்னும் வேகமான வகை) வாங்கினால்தான் தீருமா? மேனுவல் கையில் இல்லை.

அப்புறம் இன்னொன்று. மதர்போர்டில் கடிகாரத்துக்கான சிஆர்2032 பட்டன் பேட்டரி புதிதாகப் போட்டும், பிளக்கைப் பிடுங்கினால் கடிகாரம் பழைய தேதிக்கே போகிறது. பேட்டரி ஹோல்டரின் தகட்டில் பச்சையாகப் பூத்திருக்கிறது. உப்புக்காற்று வேலைதான் என நினைக்கிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைக்கலாமா, ஹோல்டரையே மாற்ற வேண்டுமா? கடலூரிலேயே நிதானமாகப் பார்த்துச் செய்பவர் யாரும் இருந்தாலும் சொல்லுங்கள்.